வியாழக்கிழமை ஓட்டம்

“இது உங்க கால் ஓடின ஓட்டம் இல்ல, பாக்.”

இபு நெந்தென் அலைபேசியைக் கஞ்சிக் கிண்ணங்களுக்கு நடுவே வைத்தார். ஆணை ‘பாக்’ என்றும் பெண்ணை ‘இபு’ என்றும் மரியாதையாக அழைப்பது பாண்டுங் நகரத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, தாகோ சாலையில் வண்டிகளுக்குத் தடை. ஓடி முடித்த சங்கத்தார் ஓரத்துக் கோழிக்கஞ்சிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். நெந்தென் ஓட்டச் சங்கத்தின் தலைவி, பல் மருத்துவர். சொத்தையைத் தேடும் பார்வையை விடுமுறையிலும் கழற்றி வைக்க மாட்டார்.

ருஸ்தாண்டி குனிந்து பார்த்தார். ஓட்டச் செயலியில், பாண்டுங் வரைபடத்தின் மேல், வியாழக்கிழமை ஓடிய தடம் சிவப்புக் கோடாகக் கிடந்தது.

“என்னோடதுதான், இபு. நானே ஓடினேன்.”

எதிரே இருந்த யாயாத் சிரித்தான். காலணிக் கடை வைத்திருப்பவன். “அப்ப இது என்ன படம், பாக்? தரையில கொட்டின மீ நூடுல்ஸா?”

கேள்வி நியாயமானதுதான். ருஸ்தாண்டியின் ஓட்டங்கள் எல்லாம் ஓவியங்கள். சந்துகளைத் தேர்ந்தெடுத்து ஓடி முடித்தால் வரைபடத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும், அல்லது ஒரு தேநீர்க் கெண்டி. போன மாதம் கொம்போடு ஓர் எருமை வந்தது. அதன் கீழே நாலு வரி எழுதுவார். ‘விடியலைத் தேடி நான் போவதில்லை, என் பாதங்களில்தான் அது விடிகிறது.’ அதைப் படித்துவிட்டு மூன்று பேர் வேலையை விட்டார்கள். ஒருவர் மலையேறப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டு, படுக்கையில் இருந்தபடியே நன்றி எழுதினார்.

ஞாயிறுகளில் மட்டும் ருஸ்தாண்டி கூட்டத்தோடு ஓட மாட்டார். படம் எடுப்பார், கஞ்சிக்கு வந்துவிடுவார். அவர் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் கூசிப்போகக் கூடாது என்ற பெருந்தன்மை அது என்று நெந்தெனே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழா. ருஸ்தாண்டியின் முகம் போட்ட பதாகை அச்சாகி வந்துவிட்டது. ‘அன்றாட வாழ்வில் உத்வேகம்’ என்ற தலைப்பில் அவர் பேச வேண்டும். ஒரு வருடத்துக்கு முன் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. லிஃப்டில் ஏற அவர் ஓடி வந்தாலும் உள்ளே இருப்பவர்கள் கதவை மூடிவிடுவார்கள். இன்று கஞ்சிக்கடைக்காரர் அவர் கிண்ணத்தில் மட்டும் கோழியை அள்ளிப் போடுகிறார். சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டால் மறுபடியும் அந்த மூடிய கதவுதான்.

நெந்தென் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். வேகம், நடந்து போகிறவரைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரே சந்துக்குள் மூன்று முறை போய்த் திரும்பியிருக்கிறது. நடுவில் ஒரு மசூதிக் குழாயடியில் வெகுநேரம் நின்றிருக்கிறது.

“இதயத்துடிப்பப் பாருங்க,” என்றார். “பிரசவ வேதனையில இருக்கிறவ மாதிரி அடிக்குது. இது நம்ம பாக் இதயமே இல்ல.”

யாயாத் கடைசிச் சான்றை வாசித்தான். நாலு வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே சொற்கள்: ‘கால் வலிக்கிறது.’

எல்லோரும் சிரித்தார்கள். ஆள் வைத்து ஓடியிருக்கிறீர்கள் என்றார்கள். ஊரில் இப்போது அது ஒரு தொழில். காசு கொடுத்தால் உங்கள் கணக்கைத் தன் கைக்கடிகாரத்தில் ஏற்றிக்கொண்டு உங்களுக்காக ஒருவன் ஓடுவான். ஜோக்கி என்று பெயர். வியர்வை அவனுக்கு, கைதட்டல் உங்களுக்கு. அதிலும் மட்டமான ஜோக்கியாகப் பிடித்துவிட்டீர்கள் என்று யாயாத் வருத்தப்பட்டான்.

ருஸ்தாண்டிக்குக் காது சுட்டது. சத்தியம் செய்தார். நாய் துரத்தியதால் சந்து மாறியது என்றார். பாலத்தருகே வழுக்கி விழுந்ததைச் சொன்னார். மூச்சு வாங்கிக் குழாயடியில் நின்றபோது பனி விலகி மலை தெரிந்தது, அதைப் பார்த்ததும் எழுத ஒன்றுமே தோன்றவில்லை என்றார். கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார்.

“சிராய்ப்பு யாருக்கு வேணா இருக்கும், பாக்,” என்றான் யாயாத். “எங்க மாமியாருக்குக்கூட இருக்கு. அவங்க ஓடறதில்ல.”

நெந்தென் குரலைத் தாழ்த்தினார். “ஒரு நாள் அசதி, ஆள் வெச்சுட்டேன்னு ஒத்துக்கங்க. இதோட முடிஞ்சிரும். இல்ல, நான்தான் ஓடினேன்னு நிப்பீங்கன்னா, வருஷம் முழுக்க ஓடினதையெல்லாம் எடுத்துப் பாக்க வேண்டி வரும். அது உங்களுக்குத்தான் அவமானம்.”

கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. ருஸ்தாண்டி கால்சட்டையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

“ஆமா,” என்றார். “வியாழக்கிழமை ஓடினது நான் இல்ல. மன்னிச்சிருங்க.”

நெந்தென் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். தவறை ஒப்புக்கொள்ளும் இந்தத் துணிச்சல்தான் உண்மையான உத்வேகம் என்றார். விழாப் பேச்சை இதிலிருந்தே தொடங்கச் சொன்னார். கடைக்காரர் சூடான கஞ்சி கொண்டுவந்து வைத்தார். யாயாத் எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

ருஸ்தாண்டி கஞ்சியைக் குடித்துவிட்டு, நொண்டுவது தெரியாமல் நடந்து சாலை முனை திரும்பினார். ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று அலைபேசியை எடுத்தார்.

“காய்ச்சல் விட்டுடுச்சா, ஜாஜாங்? நாளையிலிருந்து பழையபடி நீயே ஓடு. இனி உனக்கு உடம்பு முடியலேன்னா அன்னைக்கு ஓட்டமே வேண்டாம்ப்பா. ஒரு வருஷமா நீ ஓடிச் சேத்துக் குடுத்த பேர, ஒரே ஒரு நாள் நான் ஓடிக் கெடுக்கப் பாத்தேன்.”