நடுவில் விட்ட ஒன்றரை நிமிடம்

"இசைன்னா விடுவோம். இரைச்சல்னா பியானோவை வீட்டை விட்டு எடுக்கச் சொல்லுவோம். ஆனா, இரைச்சல்தான்னு நீங்க நிரூபிக்கணும்" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"நிரூபிக்கிறேன் சார்" என்றார் பஸ் டிரைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்படி அவர் மட்டும்தான் சொல்லிக்கொள்வார்.

டிரைவரின் மனைவி நர்ஸ். இரவு டூட்டி முடிந்து வந்து, காலை பத்து மணிக்குப் படுத்தால் நாலு வரைக்கும் தூக்கம். மூன்று மாதத்துக்கு முன்னால் மேல் வீட்டுக்கு ஒரு பேக்கரி மாஸ்டர் குடிவந்தார். விடியுமுன்னே வேலைக்குப் போய், மதியம் திரும்பி, டாண் என்று இரண்டரைக்குப் பியானோவைத் திறந்துவிடுவார். தினமும் ஒரே மெட்டு.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க. பாவம், விட்டுடுங்க" என்றாள் மனைவி.

"நீ தூங்கிட்டு இருக்க. உனக்கு எப்படித் தெரியும்?"



மறுநாள் இரண்டரைக்கு டிரைவர் போனைக் கூரைக்கு நேராக நீட்டினார். போன் கேட்டுவிட்டுச் சொன்னது: ஷோபன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிறந்த வெளிநாட்டு இசையமைப்பாளர். பெரிய ஆள் வாசித்த பதிவும் அதிலேயே கிடைத்தது. ஒழுங்கான வாசிப்பைக் கேட்டால்தானே மேல் வீட்டுக்காரரின் தப்பைப் பிடிக்க முடியும்?

டிப்போவில் டீ குடிக்கும் நேரத்தில் காதில் மாட்டிக் கேட்டார். முதல் நாள் கொட்டாவி வந்தது. இரண்டாம் நாளும் வந்தது. நாலாம் நாள் பஸ் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது என்று கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார்.

"என்னண்ணே, அப்படி என்ன பாட்டு?"

"பாட்டு இல்லப்பா. ஆதாரம்."

ஆதாரம் இப்படி இருந்தது. முதலில் மெதுவாக ஒரு பகுதி. நடுவில் ஒன்றரை நிமிடம் தடதடவென்று பேய்மழை. அப்புறம் பழைய மெதுவான பகுதியே திரும்பி வரும், மழை ஓய்ந்த பிறகு ஜன்னலைத் திறந்த மாதிரி. அந்த இடம் வரும்போதெல்லாம் டிரைவருக்கு மனசு லேசாகிவிடும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எதிரியின் பாட்டாயிற்றே.

மேல் வீட்டில் முதல் பகுதி வரும். கடைசிப் பகுதி வரும். நடுவில் ஒன்றரை நிமிடம் சத்தமே இருக்காது.

"மாட்டிக்கிட்டான். கஷ்டமான இடம் வாசிக்க வரல. அரைகுறை."

சரிபார்க்க, ஒரு மதியம் வீட்டிலேயே பதிவைச் சத்தமாகப் போட்டார். மழை தொடங்கியதுதான் தாமதம், மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மூணு மாசத்துல இன்னிக்குத்தாங்க பாதித் தூக்கத்துல எழுந்திருக்கேன்."

"பார்த்தியா, எல்லாம் அந்த ஆளாலதான்" என்றார் டிரைவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம். புகாரின் நகலை முன்கூட்டியே எதிர்த் தரப்பிடம் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. மனைவிக்கு அன்று லீவு. டிவி பார்த்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டு, இரண்டரைக்கு மாடி ஏறினார்.

கதவு பாதி திறந்திருந்தது. பியானோ முன்னால் முதுகைக் காட்டி ஒரு பெரிய உருவம். முழங்கை வரை அடுப்புச் சூட்டுத் தழும்பு. முதல் பகுதி முடியும் நேரம். டிரைவர் வாட்சைப் பார்த்தார். இதோ, இப்போது நிறுத்துவான்.

மாஸ்டர் நிறுத்தினார். கட்டைகளின் மேல் மூடியை மெல்ல இறக்கினார். மடித்து வைத்திருந்த கனத்த துண்டை அதன் மேல் விரித்தார். அப்புறம் அந்தத் துண்டின் மேல் இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தார்.

விரல்கள் பறந்தன. தோள் குலுங்கியது, நெற்றியில் வேர்த்தது. சத்தம் மட்டும் இல்லை. ஆனால் பத்து நாளாய்க் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன டிரைவருக்கு அத்தனையும் கேட்டது. ஒரு இடம்கூடத் தப்பவில்லை. சரியாக ஒன்றரை நிமிடம் கழித்துத் துண்டை எடுத்து, மூடியைத் திறந்து, கடைசிப் பகுதியை வாசித்து முடித்தார்.

திரும்பியவர் டிரைவரைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சார். எந்த வீடு?"

டிரைவர் பியானோவைக் காட்டினார். "நடுவுல ஏன் மூடிட்டீங்க?"

"கீழ ஒரு நர்சம்மா இருக்காங்க சார். குடிவந்த புதுசுல, காலையில ஒரு சாமான் எடுக்க வந்தப்போ லிஃப்ட்ல பார்த்தேன். நின்னுக்கிட்டே தூங்குறாங்க. பகல்லதான் தூக்கம்னு சொன்னாங்க. மெதுவா வர்ற இடம் பரவாயில்ல. இந்த இடத்துக்கு யாரா இருந்தாலும் எழுந்துடுவாங்க."

"ஆமா, எழுந்துடுவாங்க" என்றார் டிரைவர். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அதுலயும் அந்த அம்மா வீட்டுல யாரோ அன்னிக்குப் பகல்லயே சத்தமா பாட்டுப் போட்டாங்க போல. நாமளும் சேர்ந்தா அவங்க எப்படித் தூங்குறது? அது சரி, கையில என்ன பேப்பர்?"

"இதுவா, பழைய கணக்கு." டிரைவர் அதை நாலாக மடித்துப் பைக்குள் தள்ளினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு அவங்களுக்கு லீவு. நடுவுல உள்ளதையும் சேர்த்து ஒரு தடவை வாசிங்க."

ஆறு மணிக்குக் கூட்டத்தில் செயலாளர் கேட்டார். "என்ன சார், புகாரை ஏன் வாபஸ் வாங்குறீங்க? உங்க மனைவி தூக்கத்தை யாரும் கெடுக்கலையா?"

டிரைவர் எழுந்து நின்று சொன்னார்.

"கெடுத்தாங்க சார். ஆனா அந்த ஆளு மேல் வீட்டுல இல்ல. இதோ, உங்க முன்னாடிதான் நிக்கிறான்."