கழற்றி வைத்த பட்டை

“சண்டை போட்டா யாரு அத்தை முதல்ல பேசணும்?” என்று அண்ணன் மகள் ஒருநாள் கேட்டாள். “படிச்சு முடிச்சுட்டுச் சொல்றேன்டி” என்று அமுதினி நழுவினாள்.

அவள் படித்த அமைதிக் கல்விப் பட்டத்துக்குக் கடைசித் தேர்வு, சொந்தச் சண்டை ஒன்றைத் தீர்ப்பது. மாணவர் மணிக்கட்டில் கட்டிய மின்னணுப் பட்டை சமாதானப் பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடும்.

மழை வந்தபோது விடுதி மாடியில் காய்ந்த துணிகளில் அமுதினி தன்னுடையதை மட்டும் எடுத்ததால், பக்கத்து அறை பெல்சி ஒரு மாதமாகப் பேசவில்லை. மதிப்பெண்ணுக்காகப் பேச அமுதினிக்குக் கூசியது. தேர்வின் கடைசி நாளில் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள்.

“தப்பு என் மேலதான், பெல்சி.”

“பட்டை எங்கடி? ஃபெயிலாயிடுவ, லூசு!”

“ஆகட்டும். எப்பவும் நீதான் முதல்ல பேச வருவ. இது என் முறை.”

பெல்சி சிரித்தபடி அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் பெல்சி வகுப்பில் இருந்தபோது மழை வந்தது. அமுதினி மாடிக்கு ஓடி, முதலில் பெல்சியின் துணிகளை எடுத்தாள். ஆண்டவனைத் தவிர பார்க்க யாருமில்லை.