இவள் எதில் வருவாள்

"கல்யாணம் ஆனவங்களா?"

இவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் சின்ன வயதுக்காரர். கோபப்படாமல் காத்திருந்தார். தாலுகா ஆபீஸ் மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஆவுடையம்மாள். நிமிர்ந்து, மடியில் மஞ்சள் பையோடு.

ஆவுடை, பூலுடையார் கொத்தனாருக்கு வாக்கப்பட்டவள். ஊரைக் கூட்டி, மேளம் வைத்து.

இவள் பூலுடையாரோடு பதினெட்டு வருஷம் இருந்தவள்.

கோயில் வாசலில் வைத்து அவர் கட்டிய தாலி இவள் கழுத்திலும் கிடந்தது. போன மாதம் அவர் செத்துப் பதினாறாம் நாள், ஆவுடையின் தாலியை இறக்க உறவுப் பெண்கள் எல்லாரும் கூடினார்கள். இவள் தாலியை இறக்க யாரும் வரவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து தானே கழற்றி, கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அத்தனை வருஷத்தில் ஆவுடை இவளோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. ரேஷன் கடையில் முன்னும் பின்னும் நின்றபோதுகூட. புருஷன் இவளோடு வந்துவிட்ட பிறகு ரெண்டு பெண்பிள்ளைகளையும் பீடி சுற்றியே கரையேற்றினாள். கார்டு, காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு உதவி என்று ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் ஆபீஸாகத் தானே ஏறி இறங்கினாள்.

அப்பேர்ப்பட்டவள் இன்று காலை இவள் வாசலில் வந்து நின்றாள்.

"ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கிட்டு வாட்டி. பஸ்ஸு போயிரும்."

எதற்கென்று கேட்கத் தைரியம் வரவில்லை. கூடவே வந்துவிட்டாள்.

வந்ததும் அலுவலர் விளக்கிச் சொன்னார். விதவை உதவித்தொகை ஆவுடைக்குத்தான். முதல் மனைவி இருக்கும்போது, விவாகரத்தும் வாங்காமல், இரண்டாவதாகத் தாலி கட்டினால் சட்டப்படி அது கல்யாணமே இல்லை.

கல்யாணமே இல்லை.



இதைக் கேட்க வைக்கத்தான் ஆவுடை கூட்டி வந்திருக்கிறாள் என்று இவள் நினைத்தாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன் என்றும் நினைத்தாள். வருத்தம்கூட வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"அது எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் ஆவுடை. "போன வாரமே சொல்லிட்டீய. இவ எதுல வருவான்னு அன்னைக்கு கேட்டேம்லா, அதை இவகிட்டச் சொல்லுங்க."

முந்தானையில் வைத்த கை அப்படியே நின்றது.

போன வாரமே வந்திருக்கிறாள். தன் காரியம் முடிந்த பிறகும் எழுந்து போகாமல், இதே நாற்காலியில் உட்கார்ந்து இவளுக்காகக் கேட்டிருக்கிறாள்.

அலுவலர் இவள் பக்கம் திரும்பினார். ஐம்பது வயது தாண்டியவர். சொத்து இல்லை, பிள்ளை இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கல்யாணம் ஆகாமலே வயதாகிப்போன ஏழைப் பெண்களுக்கென்று தனியாக ஓர் உதவித்தொகை இருக்கிறது. அதில் வருவீர்கள் என்றார்.

"ஆனா கல்யாணம் ஆகலைன்னு உங்க வாயால சொல்லணும்மா. சட்டப்படி அது பொய் இல்ல."

அதற்கு மேல்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதற்குத்தான் இவளுக்குச் சத்தம் வரவில்லை.

பதினெட்டு வருஷச் சோறும் குழம்பும். சண்டையும் சமாதானமும். அவர் சாந்துச் சட்டையை அடித்துத் துவைத்த கல். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஆவுடை இவள் பக்கமாகக் குனிந்தாள்.

"கேக்கது கவர்மெண்டு. அதுக்கு உண்டான பதிலைச் சொல்லு. உனக்குள்ள இருக்கதை யாரு கேட்டா? அது அங்கனயே இருக்கட்டும்."

மின்விசிறி சுற்றியது.

"ஆகல சார்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் உயிரோடுதான் இருந்தாள்.

அலுவலர் தலையசைத்தார். "வி.ஏ.ஓ. உங்க தெருவுல வந்து விசாரிப்பாரு. யாராவது மாத்திச் சொன்னாச் சிக்கலாயிரும்."

"எங்கிட்ட வரச் சொல்லுங்க," என்றாள் ஆவுடை. "பூலுடையாருக்குப் பொண்டாட்டி நான். நான் இருக்கும்போது வேற யாரு என்ன சொல்ல?"

பொண்டாட்டி நான் என்கிற இந்தப் பேச்சு என்றைக்காவது தன்னைத் தேடி வந்துவிடுமோ என்று பயந்து பயந்தே இவள் காலம் தள்ளியிருந்தாள்.

வந்துவிட்டது.

இப்படியா வரும் என்று ஆவுடையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். ஆவுடை பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் இவளிடம் நீட்டினாள். இவள் அண்ணாந்து குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள்.

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

மூன்று ராத்திரி கத்தினார். சர்க்கரைப் புண் முழங்கால்வரை ஏறியிருந்தது. ஊசிக்கும் அடங்கவில்லை. இவள் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"இல்லக்கா. தூங்குனாப்ல போயிட்டாரு."

ஆவுடை பாட்டிலை வாங்க நீட்டிய கை, இவள் மணிக்கட்டைப் பிடித்தது. மெல்லத் திருப்பியது.

உட்பக்கம் வரிசையாக நகத்தடங்கள். ஆறிக் கறுத்திருந்தன.

ஆவுடை அவற்றைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இதுக்கு மருந்து ஏதும் போட்டியாட்டி?" என்றாள்.