இன்ஸ்பெக்‌ஷன் நாள்

"அப்பா, அந்தம்மா என்ன கேட்டாலும் சரியா பதில் சொல்லிடாதீங்க. புரியுதா?"

"புரியுது தம்பி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு, "மழை வரும்" என்றார்.

மகனுக்கு அப்படி ஒரு திருப்தி. ஒத்திகை பிரமாதம். பதினொரு மணிக்கும் இதே மாதிரி சொல்லிவிட்டால் போதும்.

விஷயம் இதுதான். முதியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவியாக, பகலில் ஆறு மணி நேரம் ஓர் ஆளை நலத்துறை அனுப்பும். ஆனால் முதியவர் இருபது கேள்விகளில் பத்துக்கு மேல் தேறிவிடக் கூடாது. ஃபெயிலானால் பரிசு தரும் பரீட்சை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவன். அப்பா ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமலே போய்ப் படுத்துக்கொண்ட பிறகு வேலையை விட்டான். இரண்டு வருஷம் ஆயிற்று. ராத்திரியில் அப்பா எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்ப்பார் என்பதால், கதவிலேயே முதுகைச் சாய்த்துத் தூங்குகிறான். அதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கம் கோபித்துக்கொள்ளும். அந்த ஆறு மணி நேரம் கிடைத்தால் ஐந்து மணி நேரம் தூங்குவது, மீதியில் முடி வெட்டிக்கொள்வது என்று திட்டம்கூட போட்டு வைத்திருந்தான்.

பதினொரு மணிக்கு நலத்துறை அம்மாள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல்.

ஃபைலைப் பார்த்ததுதான் தாமதம், பெரியவர் தானாக எழுந்து நின்றார். பகலில் அவரை எழுப்பி நிற்கவைக்க மகனுக்குக் கால் மணி நேரம் ஆகும். சட்டையின் மேல் பட்டனை வேறு போட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஃபைலோடு ஒருவர் வந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எல்லாம் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க ஐயா?"

"வியாழன். காலண்டர் உங்க முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு. ஆனா நான் அதைப் பார்க்கலை."

"நூறுலேருந்து ஏழு ஏழா குறைங்க பார்ப்போம்."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒன்பது. போதுமா, அடி மட்டம் வரைக்கும் போகணுமா?"

"குளியல், சாப்பாடெல்லாம்?"

"நானே பார்த்துக்கறேன். யாரையும் தொந்தரவு பண்றதில்லை."

"மேடம், ஊட்டி விடறது நான்" என்றான் மகன். "இன்னைக்குக் காலையில சோப்பைக் கடிச்சார்."

"தம்பி தமாஷா பேசும்" என்றார் பெரியவர்.

"இவரைத் தெரியுதுங்களா ஐயா?"

"என்னம்மா கேள்வி இது. தினமும் பார்க்கிற முகம்."

அம்மாள் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். ஒவ்வொரு டிக்கிலும் மகனுடைய தூக்கத்தில் கால் மணி நேரம் குறைந்தது. பார்க்கச் சகிக்காமல் டீ போட எழுந்து போனான். கூடத்தில் அப்பாவின் குரல் தணிந்து கேட்டது. இன்னும் மார்க் வாங்குகிறார் போலிருக்கிறது.

டீயை ஒரு வாய் குடித்த அம்மாள், "இதுல டீத்தூளே இல்லையே சார்" என்றார்.

"அடுத்த தடவை போட்டுடறேன்."

"நீங்க கடைசியா எப்ப படுத்துத் தூங்கினீங்க?"

"அதுக்கும் மார்க் உண்டா மேடம்?"

அம்மாள் சிரிக்கவில்லை. ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவு சாத்தியதும் பெரியவர் நாற்காலியில் சரிந்தார். நாற்காலிக்குக் கீழே தரையில் ஈரம் ஓடியது.

"வண்டி போயிடுச்சா தம்பி?"

"போயிடுச்சுப்பா. நம்மளை ஏத்திக்காமப் போயிடுச்சு." மகன் குனிந்து துடைக்க ஆரம்பித்தான். "ஊரே பார்க்க என் மானத்தை வாங்குறவர், வாங்க வேண்டிய ஒரு நாள்ல காப்பாத்திட்டீங்களே."

துடைப்பதற்குத் தோதாகப் பெரியவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள என்ன அவசரம் என்று மாலை வரை அதைப் பிரிக்கவில்லை.

'முதியவர் பெற்ற மதிப்பெண்: இருபதுக்குப் பதினெட்டு.'

மடிக்கப்போனவன் அடுத்த வரியைப் பார்த்தான்.

'எனினும், சிறப்புப் பரிந்துரையை ஏற்று, திங்கள்கிழமை முதல் தினமும் ஆறு மணி நேரம் உதவியாளர் அனுப்பப்படுவார்.'

யார் பரிந்துரைத்தது? தாளின் அடியில் அந்த அம்மாள் பேனாவால் எழுதியிருந்தார்:

'நீங்கள் டீ போடப் போனபோது ஐயா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கும்மா, ஒரே ஒரு குறைதான். பகல் டூட்டி, ராத்திரி டூட்டி ரெண்டையும் அந்த ஒரே ஆள் பார்க்கிறான். நல்ல பையன், யார் பெத்த பிள்ளையோ தெரியலை. அவனுக்கு ஒரு மாத்து ஆள் போடுங்க.'