முடிவுறாத ஆட்டம்

கிசுமு நகரின் வீடியோ விளையாட்டுக் கடையில், தகரக் கூரையின் ஆணித் துளைகள் வழியே நண்பகல் வெயில் புள்ளிகளாக விழுகிறது. ஊர்வலத்தில் காவலர் சுட்டுக் கொன்ற தம்பியை நேற்றுதான் அடக்கம் செய்த ஒலூச்சின் செருப்பில் செம்மண் அப்பியிருக்கிறது. தம்பி பாதியில் விட்டுச்சென்ற ஆட்டத்தைத் திறந்து, சுவரில் கரியால் எழுதப்பட்டிருக்கும் ‘சீட் கோட்’ என்ற, வீரனைச் சாகாமல் காக்கும் ஏமாற்றுக் குறியீட்டை அவன் பொத்தான்களில் அழுத்துகிறான். திரையில் காவலர்கள் சுடுகிறார்கள், தம்பியின் வீரன் நடுத்தெருவில் அசையாமல் நிற்கிறான், சாகவில்லை. “திருப்பிச் சுடுடா, மரம் மாதிரி நிக்க வச்சிருக்கியே!” என்கிறார் கடைக்காரர் ஒச்சோலா. ஒலூச்சின் விரல் பதிவுப் பொத்தானுக்கு நகர்கிறது. “டேய், சீட் போட்டுட்டு சேவ் பண்ணாதே! ஆட்டமே கெட்டுரும். அப்புறம் உன் தம்பி ஆட்டத்த யாராலயும் முடிக்க முடியாது.” ஒலூச் பொத்தானை அழுத்துகிறான். “முடியவே வேணாம்ணே.”