கொரிந்தில் அரை நாள்

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம் என்று லண்டன் ஹரோவிலுள்ள குகதாசன் வீட்டுக்கு வந்தது ஞானரட்ணத்தின் பிழைதான். தனிக் காரும் தனி வழிகாட்டியும் பிடித்து, கிரேக்கத்தில் அரை நாள் பார்த்த பழைய கொரிந்து நகரத்தை, குகதாசன் பட அல்பத்தைப் பிரித்து ஒரு நாள் முழுக்கச் சொல்வார் போலிருந்தது.

"இது சந்தை. இது குளிக்கிற இடம். வடிவாப் பாருங்கோ."

"பாத்தனான் அண்ணை. எல்லாம் உடைஞ்ச தூண்தானே."

"உங்கட கிறிஸ்தவ வேதத்தில வாற ஊர். நீங்களே இப்பிடிச் சொன்னால்?"

குகதாசனின் மனைவி பாலாம்பிகையாவது காப்பாற்றுவாள் என்று பார்த்தால், அவள் தலையையே நிமிர்த்தவில்லை.

ஒருவழியாகக் கடைசிப் படம் வந்தது. கூரையில்லாத முகப்பு, இரண்டு தூண்கள், நடுவே புல்.

"இது?" வாய் தவறிக் கேட்டுவிட்டு ஞானரட்ணம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இது பணக்காரர் இருந்த பகுதி. ரெண்டாயிரம் வருசமிருக்கும். தூணின்ர வேலைப்பாட்டைப் பாருங்கோ. இப்ப ஆர் இப்பிடிக் கட்டுறது?"

பாலாம்பிகை எழுந்து வந்தாள்.

"இஞ்சருங்கோ, அது இண்டைக்குக் காலமை தபாலில வந்த படம். தம்பி ஊரில, கோப்பாயிலயிருந்து அனுப்பினவன். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நான்தான் அதுக்குள்ள வைச்சனான்."

குகதாசன் படத்தைக் கண்ணருகில் கொண்டுபோனார்.

"எண்பத்திரண்டில நீங்கள் பக்கத்தில நிண்டு கட்டுவிச்ச எங்கட வீட்டுத் தூண்தான் அது."