ஏரிக்கரை வளைவு

முனிரத்தினத்தின் தலை ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்ததும் ஹார்ன் அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

டாக்சி தாமல் ஏரிக்கரை மேல் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கரை தளும்பத் தண்ணீர். வலது பக்கம் சரேலென்று பள்ளம், அடியில் வயல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள் கணவனின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அவன் கதவுப் பக்கம் சரிந்தான். ஹார்ன் ஓய்ந்தது.

ஆனால் அவன் வலது கால் விறைத்துப்போய் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது. வண்டி வேகம் எடுத்தது.

பின்சீட்டில் ஷமீம் பானு. மடியில் நாற்பது நாள் கழிந்த குழந்தை. ஆற்காட்டுத் தாய்வீட்டிலிருந்து காஞ்சிபுரத்துக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். பச்சை உடம்புக்காரிக்குப் பெண்துணை வேண்டும் என்று அவள் மாமியார் கேட்டுக்கொண்டதால்தான் ரேணுகாம்பாள் அன்றைக்கு வண்டியில் ஏறினாள்.

"பாப்பாவ கெட்டியா புடிச்சிக்கோம்மா!"

கத்திவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றினாள். அசல் வண்டியின் ஸ்டியரிங்கை அதுவரை அவள் தொட்டதில்லை. முனிரத்தினம் தொடவிட்டதில்லை.

போன கருட சேவைத் திருவிழாவுக்குப் போட்ட பொருட்காட்சியில் ஒரு கூடாரம். அதற்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே துணியில் எழுதிய சாலை உருண்டு உருண்டு வரும். அதன் மேல் ஒரு தகரக் கார். வெளியே, ஆடுபவர் பிடித்துத் திருப்ப நிஜ ஸ்டியரிங். கார் சாலையை விட்டு இறங்கினால் மணி அடிக்கும். ஆட்டம் முடிந்தது.

பொருட்காட்சி முடியும்வரை ரேணுகாம்பாள் தினமும் அங்கே போனாள்.

"பொம்மக் கார ஓட்டினா வண்டி ஓட்ட வந்துடுமா? போய் வேலயப் பாரும்மா" என்று தெருவே கேட்கச் சிரித்தான் முனிரத்தினம்.

இப்போது சாலை உருண்டு வந்தது. எதிரே கரை இடது பக்கமாக வளைந்தது.

வண்டியின் மூக்கைப் பார்க்காதே, தூரத்தைப் பார். வெடுக்கென்று ஒடிக்காதே. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். பின்சக்கரம் பள்ளத்து ஓரச் சரளையில் வழுக்கியது. கற்கள் உருண்டு விழும் சத்தம் கேட்டது. அவள் இழுக்கவில்லை, பிடித்திருந்தாள். சக்கரம் மறுபடி சாலைக்கு ஏறியது.

இனி நிறுத்த வேண்டும்.

பெட்டியில் பிரேக் கிடையாது. எதை மிதிப்பது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் கால்கள் வழியை அடைத்துக் கிடந்தன. ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுக்கவும் முடியாது.

"சாவி! சாவியத் திருப்பும்மா!"

ஷமீம் பானு ஒரு கையால் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையை முன்சீட்டுக்கு மேலாக நீட்டினாள். எட்டவில்லை. "யா அல்லா" என்று சீட்டின் மேல் முட்டி போட்டு எழுந்து, உடம்பையே முன்னால் வீசினாள்.

இன்ஜின் செத்தது.

வண்டி குலுங்கி, தளர்ந்து, கொஞ்ச தூரம் உருண்டு, ஒரு பனைமரத்தை உரசிக்கொண்டு நின்றது. அதுவரை சத்தமே இல்லாமலிருந்த குழந்தை அப்போதுதான் வீறிட்டது.

பின்னால் வந்த மணல் லாரிக்காரர்கள் முனிரத்தினத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். மாரடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டான் என்றார் டாக்டர்.

பார்க்க வந்த ஷமீம் பானு அவனிடம் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவள் போன பிறகு அவன் மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அந்தப் பொட்டியில நீ பெரிய கில்லாடியா இருந்திருக்கற. எனக்குத்தான் தெரியாம பூட்சி." குரலில் கேலி இல்லை.

ரேணுகாம்பாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டியில் ஒரு முறைகூட அவள் முதல் வளைவைத் தாண்டியதில்லை.